நாலாம் இலக்கக்காரருக்கு ஒரு கல்வெட்டு

அமெரிக்காவைப் பிறப்பிடமாகவும், கூடைக்குக் கீழே இடது பக்கக் கோட்டோரத்தை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் பவர் ஃபோர்வர்ட் அவர்கள் காலமானார். அன்னார் சென்டரின் அன்புத் தம்பியும், ஸ்மோல் ஃபோர்வர்டின் பாசமிகு அண்ணனும், கார்ல் மலோன், சார்ள்ஸ் பார்க்லி, டிம் டங்கன், கெவின் கார்னெட் ஆகியோரின் அருமைத் தந்தையும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

வானொலியில் மரண அறிவித்தல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வாய்பாடு மனப்பாடம். இதில் விடுபட்டது திகதி ஒன்றுதான். அன்னார் எந்த நாளில் இறந்தார் என்று சொல்ல ஆளில்லை. 2012 ஒக்ரோபரில் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. தன் நட்சத்திர ஆட்டத்துக்கான வாக்குச்சீட்டில் சென்டர் என்ற இடத்தை எடுத்துவிட்டு, உயரமானவர்கள் எல்லாரையும் முன்வரிசை என்ற ஒரே பெயருக்குள் போட்டது. அதற்கு முந்திய மாதம்தான் எங்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமின் கடைசிக் கேப்பாப்புலவுக் குடும்பங்களை ஏற்றிப்போயிருந்தார்கள். செட்டிகுளத்தில் ஒருவர் காதிலும் அந்த வாக்குச்சீட்டுச் செய்தி விழுந்திருக்காது. 2023-24 பருவத்திலிருந்து ஆண்டின் சிறந்த அணிகளைத் தெரிவு செய்யும்போது யார் எந்த இடத்தில் ஆடுகிறார் என்று பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். முதலாவதை வைத்தியரின் துண்டு என்றும் இரண்டாவதை மரணச் சான்றிதழ் என்றும் எடுத்துக்கொள்ளலாம். உயிர் இரண்டுக்கும் இடையில் எங்கோ போயிருக்கிறது.

அன்னார் செய்த வேலை இதுதான். கூடைப்பந்தில் பக்கத்துக்கு 5 பேர். 1 முதல் 5 வரை இலக்கம். 1 பந்தைக் கொண்டுவருபவர். 5 கூடைக்குக் கீழே நிற்கும் நெட்டையர். 4 அந்த நெட்டையரோடு ஒட்டி நிற்பவர். ஏறக்குறைய அதே உயரம், காலில் கொஞ்சம் கூடுதல் வேகம். கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பந்து கைக்கு வந்ததும், பின்னால் நிற்கும் எதிராளியை இடுப்பாலும் தோளாலும் அங்குலம் அங்குலமாகத் தள்ளிக்கொண்டு போய், திரும்பி எறிவார். விழாவிட்டால் தெறித்து வரும் பந்தையும் அவரே எழும்பிப் பிடிப்பார். எதிரணியின் 4 அதே வேலைக்கு வரும்போது மறிப்பதும் அவர்தான். அழகான வேலை என்று யாரும் சொன்னதில்லை. கார்ல் மலோன் இதை 19 பருவம் செய்து 36,928 புள்ளி எடுத்தார். கிண்ணம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பார்க்லிக்கு அந்த வேலைக்குரிய உயரமும் இல்லை, கிண்ணமும் இல்லை. இடுப்பு மட்டும் இருந்தது.

கனடாவின் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த மருமகன் ஒருவன் விடுமுறைக்கு வந்திருந்தான். பள்ளி அணியில் ஆடுகிறவன். "நீ எத்தினையாம் இலக்கம்?" என்று கேட்டேன். "அப்பிடி ஒண்டும் இல்ல மாமா, எல்லாரும் எல்லாம் செய்வம்" என்றான். ஆறடி நாலங்குலப் பெடியன். 30 வருடத்துக்கு முன்னர் என்றால் எந்தப் பயிற்றுவிப்பாளரும் அவனைக் கூடைக்குக் கீழேயிருந்து அசையவே விட்டிருக்கமாட்டார்.

கல்வெட்டு என்றால் பிள்ளைகளைப் பற்றி எழுதாமல் முடியாது. பிள்ளைகளில் இரண்டு பேரைப் பற்றிய சண்டைதான் இன்னும் ஓயவில்லை. டங்கன் 1976 ஏப்ரல் 25இல் பிறந்தார். கார்னெட் அதே ஆண்டு மே 19இல். ஒருவர் 19 பருவம் ஆடினார், மற்றவர் 21. இருவரும் ஒரே ஆண்டில், 2016இல், ஓய்வு பெற்றார்கள். இருவருக்கும் 15 தடவை நட்சத்திர ஆட்டத்தில் இடம். டங்கன் 26,496 புள்ளி, கார்னெட் 26,071. இருபது வருட உழைப்புக்குப் பிறகு இடைவெளி 425 மட்டும்.

டங்கனின் ஊர் கரீபியன் கடலில் உள்ள சென் குறோய் தீவு. சின்ன வயதில் அவர் நீச்சல்காரர். 1989இல் ஹியூகோ புயல் தீவில் இருந்த பெரிய நீச்சல் தடாகத்தை உடைத்துப்போட்டது. கடலில் பயிற்சி எடுக்கச் சுறாப் பயம். அடுத்த ஆண்டு, அவருடைய 14ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள், தாய் புற்றுநோயால் இறந்தார். நீச்சல் அதோடு போயிற்று; கூடைப்பந்து அதற்குப் பிறகு வந்தது. ஒரே நாளில் தொழிலும் இடமும் போனவர்கள் கையில் அகப்பட்ட அடுத்ததைப் பிடித்து எழும்புவதைப் பற்றி இந்த ஊருக்கு நான் விளக்கத் தேவையில்லை. வேக் ஃபொறெஸ்ட் பல்கலைக்கழகத்தில் நாலு வருடமும் இருந்து உளவியல் பட்டம் எடுத்த பிறகுதான் 1997இல் என்.பி.ஏ.க்குப் போனார். சான் அன்ரோனியோ ஸ்பேர்ஸ் அவரை முதலாவது ஆளாக எடுத்தது. கடைசி வரை அதே அணி, அதே பயிற்றுவிப்பாளர் கிரெக் பொப்போவிச். 1999, 2003, 2005, 2007, 2014 என்று 5 கிண்ணம்.

அவருடைய கைவேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். கூடையின் இடது பக்கம், கோட்டிலிருந்து ஓரிரு அடி வெளியே பந்தை வாங்குவார். உடனே முட்டித் தள்ளமாட்டார். திரும்பி எதிராளியை நேருக்கு நேர் பார்ப்பார். ஒரு காலைச் சற்று முன்னே வைத்து எடுப்பார். உள்ளே பாயப்போகிறான் என்று எதிராளி அரையடி பின்வாங்குவான். அந்த அரையடி போதும். பந்து தலைக்கு மேலே போகும், கூடைக்குப் பின்னாலுள்ள பலகையில் வரைந்த சதுரத்தின் மேல் மூலையைத் தொடும், வலைக்குள் இறங்கும். பலகையில் பட வைத்து எறிவது பழங்காலப் பழக்கம். மற்றவர்கள் கைவிட்டு வெகுகாலம். முகத்தில் ஒன்றும் தெரியாது. எறிந்தவர் அவர்தானா என்றுகூடச் சந்தேகம் வரும்.

கார்னெட்டின் முகத்தில் எல்லாம் தெரியும். தென் கரோலைனாக்காரர், 1995இல் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே என்.பி.ஏ.க்குப் போனார், 20 ஆண்டாக யாரும் அப்படிப் போயிருக்கவில்லை. ஏழடி என்று எழுதினால் சென்டராக்கிவிடுவார்கள் என்று ஓர் அங்குலத்தைக் குறைத்து 6 அடி 11 அங்குலம் என்றே தன்னை எழுதவைத்தார் என்பது ஊரறிந்த கதை. விசில் ஊதி ஆட்டம் நின்ற பிறகு எதிராளி சும்மா ஒரு பந்தைக் கூடைக்கு எறிந்தாலும் பாய்ந்து போய்த் தட்டிவிடுவார். கணக்கில் சேராத பந்துதான். ஆனால் ஒன்று விழுந்ததைப் பார்த்த திருப்தி அவனுக்கு வந்துவிடக்கூடாது. ஆட்டம் முழுவதும் வாய் ஓயாது. அதில் பாதி எதிரிக்கு ஏச்சு, மீதி தன் ஆட்களுக்கு அறிவித்தல்: பின்னால் ஆள் வருகிறான், இடது பக்கம் அடைக்கிறான், நீ போ நான் பார்க்கிறேன். ஏச்சைப் பற்றி எழுதிய அளவுக்கு அந்த அறிவித்தலைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதுதான் உண்மையில் அவருடைய ஆட்டம்.

1997இல் அவருடைய அணியான மின்னசோட்டா அவருக்கு 6 வருடத்துக்கு 126 மில்லியன் டொலர் எழுதிக்கொடுத்தது. வயது 21. மற்ற அணிகளின் முதலாளிமாருக்கு வயிறு எரிந்தது. 1998இல் அவர்கள் கதவை அடைத்து ஆட்டத்தையே நிறுத்தியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் அந்த ஒப்பந்தமும் ஒன்று. பிணக்குத் தீர்ந்து, 82 ஆட்டத்துக்குப் பதில் 50 ஆட்டத்தோடு 1999 பருவம் ஓடியது. அந்தக் குறுகிய பருவத்தில்தான் டங்கன் தன் முதல் கிண்ணத்தை எடுத்தார். முதற்சுற்றில் தோற்று வெளியே போனது யாருடைய அணி? கார்னெட்டுடையது. 2001இலும் இதே சுற்றில் இதே முடிவு. அதன் பிறகு இறுதிக்கட்ட ஆட்டங்களில் இருவரும் சந்திக்கவே இல்லை.

மின்னசோட்டாக் கதை சொல்லி முடியாது. கூட ஆடக் கிடைத்த நல்ல இளம் ஆட்டக்காரர் ஸ்ரெஃபன் மார்பரி 1999இல் வேறு அணி கேட்டுப் போனார். 2000 மே மாதம் கார்னெட்டின் பிறந்தநாள் கொண்டாட்டம் முடிந்து காரில் திரும்பிய சக ஆட்டக்காரர் மலிக் சீலி விபத்தில் இறந்தார். பல வருடம் கழித்து புரூக்ளினில் ஆடியபோது கார்னெட் போட்டது சீலியின் 2ஆம் இலக்கம். அதே 2000இல், ஜோ ஸ்மித் என்ற ஆட்டக்காரரோடு நிர்வாகம் இரகசியமாக ஒப்பந்தம் செய்தது பிடிபட்டு, முதற்சுற்றில் புதிய ஆட்களைத் தெரிவு செய்யும் உரிமை பல ஆண்டுகளுக்குப் பறிபோனது. 1997 முதல் 2003 வரை தொடர்ந்து 7 வருடம் இறுதிக்கட்ட ஆட்டங்களின் முதற்சுற்றிலேயே தோல்வி. 2004இல் ஒரு தடவை எல்லாம் கூடிவந்தது: 58 வெற்றி, கார்னெட் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றில் சக ஆட்டக்காரர் சாம் கசெல் காயப்பட, அதுவும் போயிற்று. 2007இல் பொஸ்ரன் 5 ஆட்டக்காரரையும் இரண்டு தெரிவு உரிமைகளையும் கொடுத்து அவரை வாங்கியது. முந்திய பருவம் 24 ஆட்டம் மட்டும் வென்றிருந்த பொஸ்ரன், அவர் வந்த பருவம் 66 வென்று 2008 கிண்ணத்தையும் தூக்கியது. ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் அவருக்கே.

கிண்ணக் கணக்கு 5க்கு 1. அதை மட்டும் எண்ணித் தீர்ப்புச் சொல்வது சோம்பேறித்தனம். டங்கன் வந்திறங்கியபோது சான் அன்ரோனியோவில் டேவிட் ரொபின்சன் இருந்தார். பிறகு ரோனி பாக்கரை 28ஆவது ஆளாகவும் மனு ஜினோபிலியை 57ஆவது ஆளாகவும் பொறுக்கியெடுத்த நிர்வாகம் இருந்தது. கார்னெட்டுக்கு வாய்த்தது என்னவென்று மேலே எழுதிவிட்டேன். பந்து பரிமாறியதில் கார்னெட் முன்னால்: 5,445க்கு 4,225. மேலெழும் பந்தைத் தடுத்ததில் டங்கன்: 3,020க்கு 2,037.

இருந்தும் என் தீர்ப்பு டங்கனுக்குத்தான். 2003 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம் அதற்குக் காரணம். ரொபின்சனுக்கு அது கடைசி ஆட்டம், முதுகு ஒத்துழைக்காத வயது. பாக்கருக்கு 21 வயது. ஜினோபிலிக்கு முதற்பருவம். முதுசும் இளசுமாக நின்ற அந்த அணியை வைத்துக்கொண்டு டங்கன் எடுத்தது 21 புள்ளி, 20 மீள்பிடி, 10 பரிமாற்றம், 8 தடுப்பு. நாலு துறையிலும் இரட்டை இலக்கம் தொட இன்னும் இரண்டு தடுப்புத்தான் தேவைப்பட்டது. நல்ல நிர்வாகம் தந்த கிண்ணம் என்று அந்த இரவைப் பார்த்தவர்கள் சொல்லமாட்டார்கள். கார்னெட் அணிக்கு அனலைக் கொடுத்தார். அனல் அணையாமல் இருக்கச் சுற்றிலும் ஆட்கள் வேண்டும். டங்கனைச் சுற்றி யாரைப் போட்டாலும் அணி என்று ஒன்று உருவானது. மின்னசோட்டாவில் ஆடியிருந்தால் அவருக்கும் 5 கிடைத்திருக்காது என்று கார்னெட் கட்சிக்காரர்கள் சொல்வார்கள். சரி, இரண்டோ மூன்றோ கிடைத்திருக்கும்.

ஆனால் சாவுவீட்டில் பேசக்கூடாத ஒன்றைப் பேசவேண்டியிருக்கிறது. பிள்ளைகள் இருவருமே தந்தையின் தொழிலை அப்படியே செய்தவர்கள் அல்லர். 2003இல் ரொபின்சன் போன பிறகு டங்கன் செய்தது அநேகமாகச் சென்டரின் வேலை. பட்டியலில் மட்டும் ஃபோர்வர்ட் என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். கார்னெட்டோ எதிர்ப்பக்கத்துக்கு ஓடினார். கூடையை விட்டு வெளியே வந்து, தன்னைவிட ஒரு முழம் குட்டையான, இரண்டு மடங்கு வேகமான ஆட்களைக் கோட்டோரத்தில் மறித்தார். மேலே நின்று பந்தைப் பரிமாறினார். ஓர் உயரமான ஆள் 1 முதல் 5 வரை எல்லாரையும் மறிக்கமுடியும் என்றால் 4 என்று ஓர் ஆளை எதற்குத் தனியாக வைத்திருக்கவேண்டும்? அந்தக் கேள்வியை முதலில் ஆடிக் காட்டியவர் அவர். கொலைக்குற்றம் சாட்டவில்லை. கதவு திறந்தது அவர் கையால்.

உள்ளே வந்தது கணக்கு. 1979-80இல் என்.பி.ஏ. 3 புள்ளிக் கோட்டைப் போட்டபோது ஓர் அணி ஆட்டத்துக்கு மூன்று தடவைகூட அங்கிருந்து எறியவில்லை. வேடிக்கை என்றுதான் நினைத்தார்கள். இவர்கள் இருவரும் ஓய்வுபெற்ற 2015-16 பருவத்தில் அது 24. இப்போது 35ஐயும் தாண்டிவிட்டது. கூடைக்கு முதுகைக் காட்டித் தள்ளி எறியும் பந்து 100க்கு 45 விழுந்தால் 90 புள்ளி. கோட்டுக்கு வெளியேயிருந்து 100க்கு 36 விழுந்தால் 108 புள்ளி. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் இந்தக் கணக்கு, கோடீசுவர அணிகளுக்கு விளங்க 30 வருடத்துக்கு மேல் எடுத்தது. இடையில் 2001இல் தடுப்பாட்ட விதியை மாற்றியதும் உதவியது: அதுவரை ஆளுக்கு ஆள் மறிக்கவேண்டும், அதன் பிறகு ஒருவர் நாலாம் இலக்கக்காரரை முட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் முன்னால் வந்து பந்து போகும் வழியையே அடைக்கலாம். 2004-05 பருவத்தில் ஃபீனிக்ஸ் அணி மெல்லிய ஓட்டக்காரர் ஷோன் மரியனை அந்த இடத்தில் ஆடவிட்டு 62 ஆட்டம் வென்றது. 2011இல் டேர்க் நொவிற்ஸ்கி, நாலாம் இலக்கக் குடும்பத்தின் சொந்தப் பிள்ளை, தூரத்திலிருந்து எறிந்தே டலஸுக்குக் கிண்ணம் வாங்கிக்கொடுத்தார். 2015 இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட் 6 அடி 6 அங்குலமே உள்ள டிரெய்மண்ட் கிறீனைச் சென்டராக நிறுத்தியது. 4 அல்ல, 5. தம்பியின் வேலை போனது மட்டுமல்ல, அண்ணனின் வேலையும் ஆட்டங்கண்டது.

ஆனாலும் எனக்கு அன்னாரின் கடைசி மூச்சு என்று தோன்றுவது 2013 ஜூன் 21 காலை. அங்கே இரவு ஆட்டம், எங்களுக்குக் காலை ஆறரைக்குத் தொடங்கும். மதவாச்சியிலிருந்து மடு வீதி வரை செட்டிகுளத்தைக் கடந்து 23 வருடத்துக்குப் பிறகு ரெயில் ஓடத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்த நேரம். மயாமிக்கு எதிரான இறுதிச் சுற்றின் ஏழாவது, கடைசி ஆட்டம். ஒரு நிமிடமும் இல்லை, ஸ்பேர்ஸ் 2 புள்ளி பின்னால். பந்து டங்கனிடம் வருகிறது, கூடைக்குக் கிட்ட. மறிப்பவர் ஷேன் பற்றியர், உயரத்தில் குறைந்தவர். மயாமிக்குத் தூரத்திலிருந்து எறிவதும் அவருடைய வேலை. நாலாம் இலக்கம் என்ற வேலை எதற்காக உண்டானதோ அந்தச் சந்தர்ப்பம், அந்த வேலையின் மிகப்பெரிய கைகாரரின் கையில். திரும்பினார், ஒற்றைக் கையால் எறிந்தார், வளையத்தில் பட்டு வெளியே வந்தது. அவரே எழும்பித் தட்டினார், அதுவும் விழவில்லை. ஓடிப்போய்க் கீழே குந்தி இரண்டு கையாலும் தரையில் அறைந்தார். 16 வருடத்தில் அந்த முகத்தில் அப்படியொன்றைப் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் அதே மயாமியை 4க்கு 1 என்று வென்றார்கள். வென்ற விதம்தான் விசேஷம்: பந்து ஒருவர் கையிலும் தங்காது, ஐந்து பேரும் பரிமாறி, மூலையில் ஆளில்லாமல் நிற்பவன் தூரத்திலிருந்து எறிவான். 38 வயது டங்கன் நடுவில் நின்று மறைத்துக் கொடுத்தார், பந்தைக் கைமாற்றினார், மீள்பிடி எடுத்தார். தன் தொழில் செத்த வீட்டில் தானே முன்னின்று காரியம் பார்த்து ஐந்தாவது கிண்ணத்தோடு வெளியே வந்த ஆள் அவர்.

செட்டிகுளத்தில் இருந்துகொண்டு இதற்கு ஏன் ஒப்பாரி என்று கேட்பார்கள். எங்கள் பக்கம் கூடைப்பந்து அரிது. அதற்குச் சீமெந்துத் தரையும் பலகையும் வேண்டும். பாடசாலைகளில் இருப்பது வலைப்பந்து: இரண்டு கம்பம், இரண்டு வளையம், வெள்ளைத் தூளில் கோடு. பெண்பிள்ளைகள் கோட்டமட்டம், வலயமட்டம் என்று ஏறிப்போகிற ஆட்டம். 1890களில் இங்கிலாந்தில் கூடைப்பந்திலிருந்தே பிறந்தது. வளையம் அதே 3.05 மீற்றர் உயரத்தில், பலகை மட்டும் கிடையாது. டங்கனின் அந்தப் பலகை எறி இங்கே செல்லாது. ஆனால் அவருடைய உத்தியோகம் செல்லும். ஏழு பேரும் தங்கள் இடத்தை நெஞ்சிலும் முதுகிலும் எழுத்தாகக் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். ஜி.எஸ். (கோல் ஷூட்டர்), ஜி.ஏ. (கோல் அட்டாக்) என்ற இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் கோல் எறியமுடியாது. அவர்களும் அரைவட்டத்துக்குள் நின்றுதான் எறியவேண்டும். எல்லை தாண்டினால் மத்தியஸ்தர் விசில் ஊதுவார். என்.பி.ஏ.யில் 4 என்பது பழக்கத்தால் வந்த இடம். எந்த விதிப்புத்தகமும் அதை எழுதிவைக்கவில்லை. பழக்கத்தைக் கணக்கு தின்றுவிட்டது. வலைப்பந்தில் இடம் என்பதே விதி, எங்கிருந்து எறிந்தாலும் கோலுக்கு ஒரு புள்ளிதான், கணக்குக்கு அங்கே பல் இல்லை.

அதனால்தான் தர்ஜினி சிவலிங்கம் என்று ஒருவர் இருக்கமுடிந்தது. யாழ்ப்பாணத்துப் பெண், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், உயரம் 2.08 மீற்றர், டங்கனைவிட ஒரு விரற்கடைதான் குறைவு. ஜி.எஸ். சட்டையோடு கம்பத்தடியில் நிற்பார், கையை நீட்டிப் பந்தை மேலேயே வாங்குவார், கீழே இறக்கமாட்டார், வளையத்துக்குள் விடுவார். அலுப்பான ஆட்டம் என்று சொன்னவர்கள் உண்டு. டங்கனையும் அப்படித்தான் சொன்னார்கள். இலங்கை 2009, 2018, 2022 ஆசியக் கிண்ணங்களை எடுத்தது அவரை வைத்துத்தான். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும்விட அதிக கோல் போட்டவரும் அவர்தான். அப்போது வயது நாற்பது. இதே உடம்போடு இன்றைய என்.பி.ஏ.யின் கணக்குக்குள் அகப்பட்டிருந்தால் முதலில் கேட்டிருப்பார்கள்: தூரத்திலிருந்து எறிவாயா?

வலைப்பந்திலும் கணக்கு மெல்ல எட்டிப்பார்க்கத் தொடங்கிவிட்டது. 2020இல் ஆஸ்திரேலியாவின் தேசிய லீக் ஒரு புது விதி போட்டது: ஒவ்வொரு கால்பகுதியின் கடைசி 5 நிமிடத்தில் அரைவட்டத்தின் வெளிவிளிம்பிலிருந்து எறிந்தால் 2 புள்ளி. வீராங்கனைகளைக் கேட்காமலே கொண்டுவந்தார்கள் என்று அங்கே பெரிய சச்சரவு. உலகக் கிண்ணத்துக்கோ ஆசியக் கிண்ணத்துக்கோ அது இன்னும் வரவில்லை, எங்கள் வலயமட்டத்துக்கு வர இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கிறது. அதுவரை, பத்தாம் வகுப்பில் வாங்கின் பின்வரிசையில் கூனிக் குறுகி உட்காரும் நெடுவல் பிள்ளையைக் கண்டால் விளையாட்டு ரீச்சர் ஜி.எஸ். சட்டையைத் துணிந்து கொடுக்கலாம். 2 புள்ளி விதி இங்கேயும் வந்துவிட்டால், அவளுக்குத் தூரத்து எறியும் சேர்த்துப் பழக்கவேண்டிவரும்.